கடல் கடந்த காமன் விழா

செம்மநத்தத்தை அடுத்த சேர்வராயன் மலைச் சாரலில், மாசி பங்குனியில் ஒரு மழை பெய்தவுடன் காப்பிச் செடிகள் வெள்ளைவெளேரெனப் பூத்து மணம் வீசும் காட்சியைக் கண்டோர் எளிதில் மறவார். வடநாட்டார் ஹோலிப் பண்டிகை கொண்டாடுவதும், தமிழ்நாட்டார் காமன் பண்டிகை நடத்துவதும் ஏறக்குறைய அப்பருவத்திலேதான். மேல்நாடுகளிற் கல்வியும் உத்தியோகமும் நாடிச் சென்றிருக்கும் நம் பழைய மாணாக்கர் பலர், அந்நாளில் ஒரு மண்டபத்தை வாடகைக்கெடுத்து, வண்ணப் பொடி தூவி மகிழ்கின்றனர். அதனைக் குறைகூற யாம் எழுந்தோமல்லோம். குளிர் நாட்டில் தனித்துறைபவனுக்கு, முகத்தில் ஒருவன் வண்ணம் பூசுவதும் ஆறுதலே. ஆயினும், தம் பாட்டனார் காலத்துக் காமன் விழாவை அவர்களுட் பலர் பெயரளவிலும் அறியாதிருத்தல் எமக்கு வருத்தம் தருகின்றது.

அவ்விழாவைக் கடல் கடந்து கொண்டு சென்றோர் கலாசாலையிற் கற்றவரல்லர். சென்ற பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் சேர்வராயன் மலையில் காப்பி பரவியது போலவே இலங்கை மலைநாட்டிலும் பரவிற்று. சேலம், திருச்சி, மதுரை முதலிய ஜில்லாக்களின் ஏழை மக்கள் கங்காணிகளின் பின்னே கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து அத்தோட்டங்களை அடைந்தனர். வழியில் மாண்டோர் மிகப் பலர். 1869-இல் இலைநோய் தோன்றிக் காப்பி அழிய, அவ்விடத்தில் தேயிலை வந்தது. முதலாளிகளும் பயிரும் மாறினும் காமன் கூத்து மாறவில்லை. மாசி வளர்பிறையில் கம்பம் ஊன்றுவர், தப்பு முழங்கும், ஆண்மக்களே ரதியாகவும் மன்மதனாகவும் வேடந்தாங்கி, லயத்து வாசல்தோறும் ஆடிப் பாடுவர். முடிவில் சிவபிரானது நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவான், ரதி புலம்புவாள். கணவனையும் மகவையும் அந்நிய மண்ணிற் புதைத்த பெண்கள் அப்புலம்பலிலே தம் குரலையே கேட்டிருப்பர் என்பது எம் எண்ணம். பின்னர் மன்மதன் ரதியின் கண்ணுக்கு மட்டும் தோன்றுமாறு உயிர்பெறுகிறான். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்மக்களிற் பெரும்பாலார் குடியுரிமையற்றவராயினர். 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எந்நாட்டுக்கும் உரியரல்லராய் நின்ற அக்காலத்தும் அவர்கள் கம்பம் ஊன்றத் தவறினாரல்லர்.

ஹோலியின் வரலாறும் இத்தகையதே. 1838 முதல் கயானாவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாய்ச் சென்ற வடநாட்டார், குழுவாய் அமர்ந்து பாடும் சௌதால் பாட்டோடு அதனைப் போற்றினர். இன்று அது அந்நாடு முழுமைக்கும் விடுமுறை நாள். பொடி கடையிற் கிடைக்கும். பாட்டை ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் கற்றாலன்றிப் பெற இயலாது. ஆகவே வெறும் பொடியொடு நின்ற விழா இரண்டு மணி நேரத்தில் முடிந்து, மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குவதே எஞ்சுகின்றது.

காமன் கதை மாணாக்கர்க்குத் தகாது என்பாரும் உளர். காமன் விழாவைக் குறிப்பிடும் கலித்தொகையை வகுப்பிற் பயிலுங்கால் அவ்வாட்சேபம் எழக் காணோம். உண்மைத் தடை வேறு: தப்படிப்போனைத் தாழ்ந்தவன் என்று எண்ணும் நம் பழக்கமே அது. அவன் முன் மாணாக்கனாய் அமர மனமில்லாதவன் இக்கூத்தைக் கற்க மாட்டான்.

நம் கலாசாலைத் தமிழ்ச் சங்கத்தார், கூத்து அறிந்த முதியோர் சிலரையும் தப்படிப்போரையும் மாசி மாதத்தில் வரவழைத்து, ரதியின் புலம்பற் பகுதியையேனும் மாணாக்கர்க்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். வந்தவர்க்குத் தக்க ஊதியமும், உபந்நியாசகர்க்கு இடும் அதே நாற்காலியும் அளித்தல் வேண்டும். தேர்வு நெருங்குங் காலமாயிற்றே என்று ஆசிரியர் முகஞ்சுளிப்பர் என்பதை அறிவோம். ஆதலின் தைமாதத்திலேயே தொடங்கிவிடுதல் நலம்.