யாருடைய குணத்துக்கு மார்க்கு?

தோழர்களே! ஷிப்டு முடிந்து டீக்கடையில் உட்கார்ந்ததும் நாம் பேசுவது என்ன? "முதலாளிக்கு ஈவிரக்கமே இல்லை, அவர் குணம் அப்படி." அருப்புக்கோட்டை பஞ்சாலைத் தோழரும் இதையே சொல்கிறார், திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடும் தோழரும் இதையே சொல்கிறார். சொல்லிவிட்டு மறுநாள் அதே கூலிக்குப் போகிறோம்!

இந்தக் குணத்தை அளக்க மேல்நாட்டு மனோதத்துவ நிபுணர்கள் ஒரு கோலே செய்து வைத்திருக்கிறார்கள். கனடாவில் ராபர்ட் ஹேர் என்பவர் சிறைக் கைதிகளை ஆராய்ந்து 20 அம்சங்களை வகுத்தார். தற்பெருமை, பொய், இரக்கமின்மை என்று ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 மார்க்கு. 40-க்கு 30 வந்தால் 'சைக்கோபாத்', அதாவது மனச்சாட்சி அற்றவன்! 2002-ல் பால்ஹஸ், வில்லியம்ஸ் இருவரும் இதனுடன் தற்பெருமையையும் சூழ்ச்சியையும் சேர்த்து மூன்று இருட்டுக் குணங்கள் என்றனர்.

ஆராய்ச்சியை நாம் வெறுக்கவில்லை. கம்பெனி நாற்காலிகளிலும் இப்பேர்ப்பட்டவர்கள் உண்டு என்று ஹேரும் பேபியாக்கும் 2006-ல் புத்தகமே எழுதினார்கள். ஆனால் பலன் என்ன? அந்த மார்க்கு கைதியின் விடுதலையைத் தடுக்கும். முதலாளியை என்ன செய்யும்? புத்தகம் விற்றதோடு சரி!

ஏழையின் மேல் குண முத்திரை குத்தினால் என்ன ஆகும் என்பது நம் சீமைக்குத் தெரியும். 1871-ல் வெள்ளையன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911-ல் அதைச் சென்னை ராஜதானிக்கும் கொண்டுவந்தான். பிறவியிலேயே குற்றவாளிகள் என்று சொல்லிக் கைரேகை எடுத்தான். ராத்திரியில் ஸ்டேஷனில் ஆஜராகச் சொன்னான். ராமநாதபுரம் சீமை மறவர்களும் இதில் சிக்கினார்கள். மதுரைச் சீமையில் ரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்களை 1920 ஏப்ரல் 3-ல் சுட்டான்; மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தாயிற்று. அந்தப் 'பிறவிக் குணம்' அன்றைக்கு எங்கே போயிற்று? அது ரத்தத்தில் இருக்கவில்லை, தோழர்களே. சட்டப் புத்தகத்தில் இருந்தது!

கூலியும் அப்படித்தான். முதலாளி கெட்டவர் என்பதால் மட்டும் கூலி குறைவதில்லை. தர்மவான் நடத்தும் மில்லிலும் லாபக் கணக்கு ஒன்றே. அவர் தானாகக் கூலியை ஏற்றினால் பக்கத்து மில் நூல் மலிவாக விலைபோகும். அவர் தர்மம் அத்தோடு முடியும்.

ஆகவே நல்ல குணமுள்ள முதலாளி வருவார் என்று காத்திருக்காதீர்கள்! கண்மாய் நிறைய மழையைப் பார்த்திருக்கலாம். கூலி உயர அப்படிப் பார்த்திருக்க முடியாது. குணத்தை அளப்பவர்கள் அளக்கட்டும். நாம் அளக்க வேண்டியது கூலியையும் வேலை நேரத்தையும்தான். அதற்கான கோல் ஒன்றே: சங்கம்!