கைப்பெட்டிக்கு எத்தனை அளவுகோல்?

இலக்கியம் பேசும் இடத்தில் விமானக் கைப்பெட்டிக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கிய நூல்களைக் கடல் கடந்து கொண்டுசெல்ல முயன்ற எவரும் அப்படிக் கேட்கமாட்டார். சிறிய இடத்துக்குள் பெரிய எடையை அடக்கிக்கொள்வது புத்தகத்தின் இயல்பு. ஏழு கிலோ என்று எழுதிவைத்த தராசின் முன் முதலில் குற்றவாளியாவது அதுதான். ஆகவே இது நம் வழக்கும்கூட.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். இண்டிகோ 55×35×25 செ.மீ. பெட்டியை ஏழு கிலோ வரை அனுமதிக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 56×45×25 செ.மீ. என்றும், எடை 23 கிலோ வரை இருக்கலாம் என்றும் சொல்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 115 செ.மீ. என்று கணக்கிடுகிறது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 22×14×9 அங்குலம் என்கின்றன, எடையைப் பொதுவாகப் பேசுவதே இல்லை. ரயன்ஏர் கட்டணமின்றி அனுமதிப்பது 40×30×20 செ.மீ. பையை மட்டுமே. கொள்ளளவாகச் சொன்னால், ஒரு நிறுவனத்தில் 63 லிட்டர், இன்னொன்றில் 24 லிட்டர். இரண்டு நிறுவனங்களில் மாறிப் பயணம் செய்பவர் எந்த அளவுக்குப் பெட்டி வாங்குவது? கடையில் 'கேபின் சைஸ்' என்று ஒட்டி விற்கும் சீட்டுக்கு என்ன பொருள்?

விமானங்கள் வேறுபடுவதால் அளவுகளும் வேறுபடுகின்றன என்று ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. குறுந்தொலைவு வழித்தடங்களில் உலகெங்கும் பறப்பவை பெரும்பாலும் இரண்டே குடும்பங்களைச் சேர்ந்தவை: ஏர்பஸ் ஏ320, போயிங் 737. இண்டிகோவும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஒரே ஏ320 குடும்ப விமானங்களைத்தான் ஓட்டுகின்றன. லண்டனில் 23 கிலோவைத் தாங்கும் பொருளடுக்கு தில்லியில் ஏழு கிலோவுக்கே முறிந்துவிடுமா என்ன?

அடுத்த சமாதானம் இடப் பற்றாக்குறை. இதில் ஓரளவு உண்மை இருப்பதை நாம் மறுக்கவில்லை. எல்லோரும் சக்கரப் பெட்டியோடு ஏறினால் பொருளடுக்கு போதாது, புறப்பாடும் தாமதமாகும். ஆனால் கட்டணம் செலுத்தியவுடன் அதே ரயன்ஏரில் 55×40×20 செ.மீ. பெட்டியொன்றும் பத்துக் கிலோ எடையும் உள்ளே வந்துவிடுகின்றன. பணம் பெட்டியைச் சுருக்குவதில்லை, விமானத்தின் பாரத்தைக் குறைப்பதும் இல்லை. அப்படியிருக்க, இலவசமாய் வந்தவருக்கு இல்லாத இடம் பணம் கொடுத்தவருக்கு எங்கிருந்து முளைத்தது? அளவு மீறிய பையைக் கண்டுபிடிக்கும் ஊழியருக்குத் தரும் ஊக்கத்தொகையை 1.50 யூரோவிலிருந்து 2.50 யூரோவாக உயர்த்துவதாக அந்நிறுவனம் 2025இல் அறிவித்தது. பாதுகாப்புக்காக வைத்த விதியில் ஊழியருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு எதற்கு?

இந்த நெரிசலை உண்டாக்கியவர்கள் யார் என்பதையும் நினைவுபடுத்த வேண்டும். 2008இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சரக்கறைக்கு அனுப்பும் முதல் பெட்டிக்கே 15 டாலர் விதித்தது. மற்றவையும் பின்தொடர்ந்தன. பயணிகள் பெட்டியைக் கையோடு எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள், அடுக்குகள் நிரம்பின. 2010இல் ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் கைப்பெட்டிக்கும் கட்டணம் விதித்தது. நோயைக் கொடுத்தவர்களே மருந்தையும் விலைக்கு விற்ற கதை இது.

சட்டம் என்ன செய்தது? 2014இல், வுவேலிங் நிறுவனம் தொடர்பான வழக்கில், கைப்பெட்டி பயணத்தின் இன்றியமையாத பகுதி, அதற்குத் தனிக் கட்டணம் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் கூறியது. ஆனால் எடையும் அளவும் 'நியாயமானவையாக' இருந்தால் என்றொரு நிபந்தனையும் இருந்தது. அந்த ஒரு சொல்லின் வழியாகத்தான் இந்தச் சின்னப் பைகள் எல்லாம் புகுந்தன. 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு இத்தகைய கட்டணங்களுக்காக ஐந்து நிறுவனங்களுக்கு 17.9 கோடி யூரோ அபராதம் விதித்தது. அவை உடனே எதிர்த்துக் கிளம்பின.

ஒரே அளவு வேண்டும் என்று சொன்னால் மட்டும் போதாது என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. 2015 ஜூனில் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் 55×35×20 செ.மீ. என்றொரு பொது அளவை முன்வைத்தது. அது அமெரிக்காவில் வழக்கிலிருந்த அளவைவிடச் சிறியது. எதிர்ப்பு கிளம்பவே, ஒரு மாதம்கூட நிற்காமல் திட்டம் கிடப்பில் போடப்பட்டது. 2025இல் ஐரோப்பிய விமான நிறுவனங்களின் கூட்டமைப்பு 40×30×15 செ.மீ. என்று ஒற்றுமை கண்டது. 18 லிட்டர்! கண்ட ஒற்றுமையும் பையைச் சிறியதாக்குவதில்தான். ஒருமைப்பாட்டை விற்பவர்களின் கையில் விட்டால், பொது அளவு என்பது மிகச் சிறிய அளவாகவே முடியும்.

ஆகவே அரசுகள் வகுக்க வேண்டியது உச்சவரம்பு அன்று, கீழ்வரம்பு. இந்த அளவும் இந்த எடையும் உள்ள ஒரு பெட்டி எந்த விமானத்திலும் பயணச்சீட்டின் விலையிலேயே அடங்கும் என்று சட்டம் சொல்லட்டும். சக்கரமும் கைப்பிடியும் சேருமா என்பதையும் அதே சட்டம் தெளிவாக்கட்டும். அதற்குமேல் தாராளம் காட்ட விரும்பும் நிறுவனம் தாராளமாகக் காட்டலாம்.

கப்பலில் செல்லும் கொள்கலனுக்கு 1960களிலேயே உலகம் ஒரே அளவு வகுத்துவிட்டது. நாம் எழுதும் ஏ4 தாளுக்கும் அளவு உண்டு. சரக்குக்கும் தாளுக்கும் கிடைத்த நியாயம் மனிதனின் கைப்பெட்டிக்குக் கிடைக்கவில்லை. காரணம் எளியது: கொள்கலன் குழம்பினால் வணிகருக்கு நட்டம், பயணி குழம்பினால் வணிகருக்கு லாபம். வாசலில் ஏழு கிலோவுக்குமேல் நின்ற முள்ளைப் பார்த்து எந்தப் புத்தகத்தை எடுத்து வெளியே வைப்பது என்று தடுமாறுபவரும், வளைகுடாவிலிருந்து பிள்ளைகளுக்கு வாங்கிய சாமானோடு திரும்பும் தொழிலாளியும் அந்த லாபக் கணக்கின் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.