பெட்டியை வாங்குவதா, சர்வரை அமைப்பதா?

மாணவர்களே, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வீடு. மூன்று அறைகளிலும் ஒரே இணைய நேரலை ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு திரைக்கு நொடிக்கு 5 மெகாபிட் என்றால், ஒரே காட்சிக்கு 15 மெகாபிட் செலவாகிறது. பழைய கணினி ஒன்றில் 'டிவிஹெட்எண்ட்' போன்ற இலவச மென்பொருளை நிறுவி, வீட்டுச் சர்வராக இடையில் வைத்தால், அது நேரலையை ஒருமுறை மட்டும் பெற்று மூன்று திரைகளுக்கும் பிரித்துக் கொடுக்கும். இணையச் செலவு 5 மெகாபிட் மட்டுமே.

சர்வருக்கு நாம் கொடுப்பது அலைவரிசைகளின் முகவரிப் பட்டியல். அந்த முகவரியிலிருந்து காட்சி, சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வந்து சேரும்.

'எல்லா அலைவரிசையும் இலவசம்' என்று விற்கப்படும் பெட்டிகளிலும் இதே பட்டியல்தான் இருக்கிறது. ஆனால் அது யாருடையது, அனுமதி பெற்றதா என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. 2022 மார்ச் 18 முதல் நடப்பிலுள்ள பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, திருட்டு ஒளிபரப்புக்கான கருவியை விற்பவருக்கு 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஆகவே, பெட்டி வேண்டாம். சர்வரை அமைத்துப் பழகுங்கள் என்பேன். அதில் பட்டியல் உங்கள் கையில் இருக்கும். முதலில் மைஃப்ரீவியூ ஆண்டெனாவையும் டிவிபி-டி2 டியூனரையும் இணைத்து, ஆர்டிஎம் அலைவரிசைகளைக் கொண்டு வாருங்கள். அதற்கு இணையமும் தேவையில்லை, சந்தாவும் இல்லை. பிறகு, அனுமதியுள்ள இணைய முகவரிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.