அருகிவரும் மரக்கறிகளும் அலட்சியப்படுத்தப்படும் பழங்களும்

ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ண வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் நீண்டகாலமாக வலியுறுத்தி வருகின்றது. ஆயினும், 2015 ஆம் ஆண்டில் நமது நாட்டில் மேற்கொள்ளப்பட்ட தேசிய ஆய்வொன்றின்படி, வளர்ந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இந்த அளவை எட்டுவதில்லை. ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதேனுமொன்று காய்த்தும் பழுத்தும் கொண்டிருக்கின்ற ஒரு தீவின் நிலைமை இவ்வாறிருப்பது வியப்புக்குரியது மட்டுமன்றி, கவலைக்குமுரியது.

இந்நாட்டில் நிகழும் மரணங்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் அதிகமானவை இருதய நோய், நீரிழிவு, புற்றுநோய் முதலான தொற்றா நோய்களினால் ஏற்படுபவை. வளர்ந்தோரில் ஐவரில் ஒருவரேனும் நீரிழிவுடன் வாழ்கின்றனர். அரசாங்க வைத்தியசாலைகளின் கிளினிக் நாட்களில் அதிகாலையிலேயே இலக்கம் எடுத்துக் காத்திருக்கும் மக்களின் வரிசையைக் கண்டவர்களுக்கு இந்த எண்களை விளக்க வேண்டிய அவசியமில்லை. இந்நோய்களுக்குக் காரணங்கள் பல உள்ளன. எனினும், அன்றாட உணவு அவற்றுள் முதன்மையானது என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு கிடையாது.

மரக்கறி உண்ணுங்கள் என்ற அறிவுரையை நமது மக்கள் கேளாதவர்களல்லர். சுகாதாரத் துறையினர் கூறாத நாளுமில்லை. ஆனால், ‘கூடுதலாக உண்ணுதல்’ என்பதும் ‘பலவகையாக உண்ணுதல்’ என்பதும் ஒன்றல்ல என்பது போதியளவு விளக்கப்படவில்லை என்றே நாம் கருதுகின்றோம். ஒரு பெரிய தட்டுச் சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், ஒரு துண்டு மீன் அல்லது கோழி என்பதுதான் இன்று பல வீடுகளின் மதிய உணவு. இதில் உருளைக்கிழங்கை மரக்கறியாகக் கணக்கிட்டுத் திருப்தியடைவோர் பலர். ஆனால் உருளைக்கிழங்கோ, மரவள்ளியோ மேற்சொன்ன 400 கிராமில் சேர்வதில்லை. அவை மாச்சத்து என்ற வகையில் சோற்றின் பக்கத்திலேயே நிற்பவை.

வகை ஏன் முக்கியமெனில், எந்தவொரு காயும் இலையும் தனித்து நின்று உடலின் தேவைகள் அனைத்தையும் நிறைவு செய்வதில்லை. கரும்பச்சைக் கீரைகளில் போலிக் அமிலமும் இரும்புச்சத்தும் உண்டு. பூசணி, கரட், பப்பாசி ஆகியவற்றின் மஞ்சள், செம்மஞ்சள் நிறத்திலிருந்து நமது உடல் விற்றமின் ஏயை உருவாக்கிக் கொள்கின்றது. கீரையிலுள்ள இரும்புச்சத்து எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. விற்றமின் சீ அடங்கிய ஏதேனுமொன்று அதனுடன் சேரும்போது நன்கு உறிஞ்சப்படுகின்றது. நமது முன்னோர் கீரையை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே தேசிப்புளி விட்டனர். சூட்டில் அழிந்துவிடக்கூடிய விற்றமின் சீ அதனால் காக்கப்பட்டது. வறையில் சேர்க்கப்படும் தேங்காய்ப்பூவின் கொழுப்பு, விற்றமின் ஏ உருவாவதற்கான சத்தை உடல் ஏற்பதற்கு உதவுகின்றது. ஆய்வுகூடம் எதுவுமின்றி அடுக்களையிலேயே கண்டறியப்பட்ட உண்மைகள் இவை. மறுபுறத்தில், சாப்பிட்ட கையோடு சாயத்தேநீர் அருந்தும் நமது பழக்கம் அந்த இரும்புச்சத்தின் ஒரு பகுதியை உடலுக்குக் கிடைக்காமற் செய்துவிடுகின்றது. அதை ஒரு மணி நேரம் தள்ளி அருந்துவதற்குச் செலவேதுமில்லை.

அப்படியாயின் நமது தட்டில் வகைகள் ஏன் குறைந்தன? வறுமை ஒரு காரணம். அதனைப் பின்னர் நோக்குவோம். சந்தை அமைப்பு மற்றொரு காரணம். 1999 இல் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் ஆரம்பிக்கப்பட்டதன் பின்னர், நாட்டின் மரக்கறி வர்த்தகம் பெருமளவில் லொறிகளில் மொத்தமாக ஏற்றி இறக்கக்கூடிய பொருட்களைச் சுற்றியே சுழலத் தொடங்கியது. கரட், கோவா, லீக்ஸ், போஞ்சி, தக்காளி, பீட்றூட் என்பன கல்முனையிலும் மன்னாரிலும் வவுனியாவிலும் ஒரே முகத்தோடு காட்சியளிக்கின்றன. இதனால் நன்மையும் உண்டு. வரட்சிக் காலத்தில் கிழக்கிலுள்ளவருக்கு மலையகத்தின் மரக்கறி கிடைக்கின்றது. ஆனால், மொத்த வியாபாரத்துக்கு உதவாத முசுட்டை, முல்லை, தூதுவளை, குறிஞ்சா, சண்டி, அகத்தி, பிரண்டை போன்றவை சந்தையிலிருந்து ஒதுங்கி, பின்னர் நினைவிலிருந்தும் ஒதுங்கி வருகின்றன. வேலியிலே படர்ந்து நிற்கும் இலையின் பெயரை அறியாத ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. வேலிகளும் மதில்களாகிவிட்டன என்பது வேறு விடயம்.

இதற்கப்பால் வெளியில் பேசப்படாத ஒரு காரணமும் இருக்கின்றது. இலைகுழை உண்பது இல்லாதவர்களின் உணவு என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. 1990 களில் பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்த வடபகுதி மக்களுக்கு முருங்கையிலையும் பப்பாசிக்காயும் பனங்கிழங்கும் ஒடியலும் கைகொடுத்தன. தடை நீங்கிய பின்னர் அவற்றைத் துன்ப காலத்தின் சின்னங்களாகவே பலர் நோக்கினர். விருந்தினர் வரும் நாளில் கீரைக்கறி வைப்பதற்கு இன்றும் தயங்கும் வீடுகள் உண்டு. முஸ்லிம் மக்களின் திருமண விருந்துகளிலும் தமிழ் மக்களின் மண்டப விருந்துகளிலும் மரக்கறி என்பது பிரியாணியின் ஓரத்தில் வைக்கப்படும் ஒரு பிடி சலாதாகச் சுருங்கி வருவதையும் காண்கின்றோம்.

பழங்களின் நிலை இன்னும் விநோதமானது. நோயாளரைப் பார்க்கச் செல்வோர் கைகளில் இறக்குமதி செய்யப்பட்ட அப்பிளும் திராட்சையும் இருப்பதே மரியாதை எனக் கருதப்படுகின்றது. 100 கிராம் அப்பிளில் உள்ள விற்றமின் சீ ஐந்து மில்லிகிராம் அளவிலேயே இருக்க, அதே நிறையுடைய கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கின்றது. கொய்யாவோ முற்றத்து மரத்தில் வௌவாலுக்கு விடப்படுகின்றது. விளாம்பழம், நாவல், பாலைப்பழம், ஜம்பு, அன்னமுன்னா என்பன வீதியோரத்தில் வாங்கினால் உண்டு, இல்லையேல் இல்லை என்ற நிலையில் உள்ளன. சீனி சேர்த்த பழரசம் பழத்துக்கு ஈடாகாது என்பதையும், நீரிழிவுள்ளவர்கள் மாம்பழம், பலாப்பழம் போன்ற இனிப்பு மிக்க பழங்களை அளவறிந்து உண்ண வேண்டும் என்பதையும் இங்கு சொல்லிவைப்பது அவசியமாகும்.

இனி, விலைக்கு வருவோம். 2021 ஆம் ஆண்டில் இரசாயன உரத்துக்கு ஒரேயடியாகத் தடை விதிக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அது கைவிடப்பட்டபோது விவசாயிகள் பலத்த நட்டத்தைச் சந்தித்திருந்தனர். அதையடுத்து வந்த பொருளாதார வீழ்ச்சியின்போது, 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்நாட்களில் குடும்பங்கள் முதலில் குறைத்தது சோற்றையல்ல. மீனையும் முட்டையையும் பாலையும் பழத்தையும் மரக்கறியையுமே. வயிறு நிரம்புவது வேறு, உடல் போஷாக்குப் பெறுவது வேறு என்பதை அக்காலம் கசப்பாக உணர்த்தியது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி மலையகத்தைச் சிதைத்தபோது, மரக்கறிக்காக ஒரு சில மலைப்பிரதேசங்களையே நாடு எந்தளவுக்கு நம்பியிருக்கின்றது என்பதும் புலப்பட்டது.

எல்லாவற்றிலும் வேதனையானது பெருந்தோட்டங்களின் நிலைமையாகும். நாட்டுக்குக் கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் அனுப்புகின்ற அதே மலைகளில்தான் போசாக்கின்மை மிகுதியாகக் காணப்படுகின்றது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய ரீதியில் நூற்றுக்கு 17 அளவினர். தோட்டப்புறங்களிலோ அது ஏறக்குறைய 32. லயன் அறையின் முன்னால் சில அடி நிலம் மட்டுமே உள்ள ஒரு தாயிடம், பிள்ளைக்குப் பல நிறத்தில் மரக்கறி கொடுங்கள் என்று கூறுவது எளிது. அன்றாடச் சம்பளத்தையும் அரிசி, மா விலையையும் கணக்குப் பார்த்த பின்னர் அவரது கையில் எஞ்சுவது எவ்வளவு என்பதை அறிவுரை கூறுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. காணி உரிமைக் கோரிக்கையை ஓர் அரசியற் கோரிக்கையாக மட்டுமே நோக்குவோர், அது பிள்ளைகளின் உயரத்தோடும் சம்பந்தப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒருபுறம் வாங்க முடியாத விலை. மறுபுறம் வீணாகிப்போகும் விளைச்சல். அறுவடையாகும் மரக்கறியிலும் பழத்திலும் 30 முதல் 40 வீதம் வரை உண்பவரைச் சென்றடையாமலே அழிவதாக நீண்டகாலமாக மதிப்பிடப்பட்டு வருகின்றது. சாக்குகளில் திணித்து, அதன்மேல் ஆட்களும் ஏறி அமர்ந்து கொண்டுவரப்படும் தக்காளி எவ்வாறு தப்பும்? 2011 டிசெம்பரில் பிளாஸ்டிக் கூடைகள் கட்டாயமாக்கப்பட்டபோது வியாபாரிகளும் விவசாயிகளும் எதிர்த்தனர், அரசாங்கம் பின்வாங்கியது. கூடையின் விலையும், வெறுங்கூடையைத் திரும்ப எடுத்துச் செல்லும் செலவும் யாருடையவை என்பதைத் தீர்மானிக்காமல் வர்த்தமானி மூலம் மட்டும் கொண்டுவரப்படும் மாற்றங்களுக்கு நேரக்கூடிய கதி அதுவே. இதற்கிடையில் சில சந்தைகளில் ‘கழிவு’ என்ற பெயரில் விவசாயியின் நிறையில் ஒரு பகுதி வெட்டப்படுகின்றது. உற்பத்தியாளரும் இழக்கிறார், நுகர்வோரும் இழக்கிறார்.

வீட்டுத்தோட்டம் பற்றி அரசாங்கங்கள் பேசாமலில்லை. 2020 இல் பத்து இலட்சம் வீட்டுத்தோட்டங்கள் என்ற இலக்குடன் விதைப் பக்கற்றுகள் விநியோகிக்கப்பட்டன. 2022 ஜூனில் அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையளித்துப் பயிர் செய்யுமாறும் கூறப்பட்டது. அந்த வெள்ளிக்கிழமைகளில் எத்தனை பாத்திகள் வெட்டப்பட்டன என்பதை யாரும் கணக்கெடுத்ததாக நாம் அறியவில்லை. நெருக்கடி வந்தால் விதை, நெருக்கடி தணிந்தால் மறதி என்பதே வழமையாகிவிட்டது. இதற்கு மாறாக, கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் என்பவர் பத்து இலட்சம் பலாமரங்களை நாட்டுவதை இலட்சியமாகக் கொண்டு ஊரூராகப் பிரசாரம் செய்தார். ‘கொஸ் மாமா’ எனச் சிங்கள மக்கள் அவரை அன்புடன் அழைத்தனர். பலா இந்நாட்டில் எத்தனையோ குடும்பங்களைப் பசியிலிருந்து காத்த மரம். விதைப் பக்கற்றைப் போலன்றி, நட்டவரின் பேரப்பிள்ளைக்கும் அது காய்க்கும்.

வீட்டுக்குள்ளும் பேச வேண்டியது ஒன்றுண்டு. ஒரு கட்டு வல்லாரையை ஆய்ந்து, கழுவி, அரிந்து சம்பலாக்குவதற்கு அரை மணி நேரமேனும் தேவை. பருப்பை அடுப்பில் ஏற்றுவது அதனிலும் இலகு. காலையில் தொழிலுக்குச் சென்று மாலையில் திரும்பும் பெண்ணே இதையும் செய்ய வேண்டும் என எதிர்பார்க்கும் வீட்டில் கீரை குறைவது அவரது தவறன்று. முதல்நாள் இரவே ஆண்களும் பிள்ளைகளும் கூடியிருந்து கீரை ஆய்வது ஒன்றும் மரியாதைக் குறைவான வேலையல்ல. கிருமிநாசினிக்கு அஞ்சி மரக்கறியைத் தவிர்ப்போரும் உள்ளனர். அச்சம் நியாயமானதே. ஓடும் நீரில் நன்கு கழுவுதலும், ஒரே காயை நாள்தோறும் உண்ணாது மாற்றி மாற்றி உண்ணுதலும் அதனைக் குறைக்கும் வழிகளாகும். பரிசோதித்துக் கட்டுப்படுத்தும் பொறுப்பு அதிகாரிகளுடையது.

பழக்கம் உருவாகும் இடம் பாடசாலை. ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவருக்கும் மதிய உணவு என்ற அளவுக்கு 2024 இல் விரிவாக்கப்பட்ட திட்டம் இவ்விடயத்தில் மிகப்பெரிய வாய்ப்பாகும். வீட்டில் பாகற்காயைத் தொடாத பிள்ளை, பக்கத்திலிருக்கும் நண்பன் உண்பதைக் கண்டு தானும் ஒரு வாய் வைக்கும். அந்தந்தப் பிரதேசத்தின் கீரையும் பழமும் வாரத்தில் இரு நாட்களேனும் அவ்வுணவில் இடம்பெற வேண்டும். மன்னாரில் முருங்கையிலை, அம்பாறையில் வத்தகை, தென்மராட்சியில் பலா, ஹட்டனில் அங்கேயே விளையும் கரட் என அது அமையலாம். அருகிலுள்ள விவசாயிகளிடமிருந்து நேரடியாக வாங்குவதற்குப் பிரதேச செயலகங்களும் கமநல சேவை நிலையங்களும் ஒழுங்கு செய்தால், லொறிச் செலவும் கழிவும் ஒருங்கே குறையும்.

ஆயின், சமைத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என நிர்ணயிக்கப்பட்ட தொகை மாறாதிருக்க, சந்தையில் கரட்டின் விலை இரட்டிப்பாகும் வாரத்தில் தட்டிலிருந்து முதலில் மறைவது மரக்கறிதான். கொடுப்பனவு தாமதமாகும் மாதத்தில் கடைக்காரரின் கடன் கொப்பியிலும் அவர்களது பெயரே ஏறுகின்றது. எனவே, அத்தொகையைத் தவணைக்கொரு முறை சந்தை விலையுடன் ஒப்பிட்டுத் திருத்தவும், மாத முடிவிலேயே கொடுத்து முடிக்கவும் கல்வி அமைச்சும் மாகாண சபைகளும் ஒழுங்கு செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கின்றோம்.