வலியறிந்து தேர்வோம்

மேல்நிலை வகுப்பில் அடியெடுத்து வைத்த நாள்முதல் மாணவரை ஒரு வினா தொடர்கிறது. “பள்ளிப்படிப்பு முடிந்ததும் என்ன படிக்கப் போகிறாய்?” என்று உற்றாரும் ஊராரும் கேட்கின்றனர். அறிவியல் பிரிவில் பயிலும் மாணவர் இதற்குத் தரும் விடை பெரும்பாலும் ஒரு பெயராகவே அமைகிறது. இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல் என்று ஏதேனும் ஒன்றைச் சொன்னவுடன் கேட்டவரும் நிறைவடைகிறார். சொன்னவரும் விடுதலை பெறுகிறார். அந்தப் பெயருக்குள் எத்தனை தாள்கள் உள்ளன, எத்தனை மணி நேர உழைப்பு அடங்கியிருக்கிறது, அவ்வுழைப்பைத் தர அம்மாணவரின் நாளில் இடமிருக்கிறதா என்பவற்றை எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஒரு பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுப்பது என்பது, மூன்று ஆண்டுக்கால வாழ்வின் ஒவ்வொரு கிழமையையும் எவ்வாறு செலவிடப் போகிறோம் என்று முடிவு செய்வதே ஆகும்.

திருக்குறளின் வலியறிதல் அதிகாரம், ஒரு செயலில் இறங்குமுன் அச்செயலின் வலிமையையும் தன் வலிமையையும் எதிர்நிற்பதன் வலிமையையும் துணைநிற்போரின் வலிமையையும் எடைபோடுமாறு அறிவுறுத்துகிறது. அரசனுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை இது. எனினும், கல்லூரி வாயிலில் நிற்கும் மாணவருக்கும் இதனினும் பொருத்தமான வழிகாட்டுதல் வேறில்லை.

ஒரே காலம், இரு மாணவர்கள்

கணிதமேதை இராமானுஜன் 1904ஆம் ஆண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். அக்காலத்தில் எஃப்.ஏ. என்று வழங்கிய இடைநிலைப் படிப்பில் கணிதம் மட்டும் இருக்கவில்லை. ஆங்கிலம், வடமொழி, வரலாறு, உடலியங்கியல் ஆகியவற்றிலும் தேற வேண்டும். கணிதத்தில் மூழ்கிய இராமானுஜனால் ஏனைய பாடங்களுக்கு நேரம் ஒதுக்க இயலவில்லை. ஆங்கிலத்தில் தேறாமையால் உதவித்தொகை கைவிட்டுப் போயிற்று. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் முயன்றும், 1906, 1907 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் எஃப்.ஏ. தேர்வில் அவர் வெற்றி பெறவில்லை.

இராமானுஜனைத் தேர்வில் தோல்வியுறச் செய்த அதே 1907ஆம் ஆண்டில், புதுக்கோட்டையைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் அடியெடுத்து வைத்தார். அவர்தாம் முத்துலெட்சுமி. பருவமெய்திய பெண்கள் பள்ளிக்குச் செல்லும் வழக்கமில்லாத காலம் அது. அவர் வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். ஆண்கள் மட்டுமே பயின்றுவந்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தார். கல்வியின் அருமை உணர்ந்த தந்தை நாராயணசாமி உறுதுணையாக நின்றார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலெட்சுமி, பிற்காலத்தில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகவும் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தை உருவாக்கியவராகவும் விளங்கினார்.

இவ்விருவரையும் ஒப்பிட்டு, ஒருவர் உழைத்தார், மற்றவர் உழைக்கவில்லை என்று கூறுவது பெரும்பிழையாகும். இராமானுஜனைப்போல் உழைத்தவர் அரியர். அவருடைய உழைப்பின் திசையும் அவர் சேர்ந்த படிப்பின் அமைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அப்பொருத்தமின்மையைக் கண்டு கைகொடுக்கும் ஏற்பாடு அன்றைய கல்லூரிகளில் இல்லை. 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகப் பணியேற்ற அவருக்கு, 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. தேர்வுகளின் பாரம் நீங்கிக் கணிதத்திற்கு முழுநேரமும் கிடைத்தபின், 1918இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினராகும் பெருமை அவரை வந்தடைந்தது. அறிவு இரண்டு காலத்திலும் ஒன்றே. சுமையின் அமைப்புதான் மாறியது.

பெயருக்குள் இருப்பவை

நூறாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டபோதிலும், பட்டப்படிப்பு என்பது ஒற்றைப் பாடம் அன்று என்னும் உண்மை மாறவில்லை. புதுக்கோட்டை மாவட்டக் கல்லூரிகள் இணைந்துள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகம் உட்பட, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் இளம் அறிவியல் படிப்புகள் ஐந்து பகுதிகளாக அமைகின்றன. முதற்பகுதி தமிழ் அல்லது பிறமொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதியில் முதன்மைப் பாடமும் துணைப் பாடங்களும் விருப்பப் பாடங்களும் இடம்பெறுகின்றன. சுற்றுச்சூழல் கல்வி, திறன் மேம்பாடு போன்றவை நான்காம் பகுதியிலும் விரிவாக்கப் பணிகள் ஐந்தாம் பகுதியிலும் வருகின்றன. இயற்பியலை விரும்பிச் சேரும் மாணவர் கணிதத்தையும் வேதியியலையும் துணைப் பாடங்களாகப் பயில நேரும். தாவரவியலைத் தேர்ந்தவருக்கு விலங்கியலும் வேதியியலும் காத்திருக்கும். கணிதம் வேண்டாம் என்று எண்ணி இயற்பியலுக்குச் செல்பவர், துணைப் பாடத்தின் உருவில் கணிதத்தையே மீண்டும் எதிர்கொள்கிறார்.

அறிவியல் படிப்புக்கே உரிய மறைசுமை ஒன்றும் உண்டு. அது ஆய்வகம். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகத்தின்படி, வகுப்பறைப் பாடத்தில் ஒரு கிரெடிட் பெற ஒரு பருவத்திற்கு 15 மணி நேரம் போதும். செய்முறையில் அதே ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் வேண்டும். தாளில் இரண்டும் ஒன்று என்றே எழுதப்படுகின்றன. மாணவரின் நாளிலோ ஒன்று மற்றொன்றைப்போல் இருமடங்கு இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஆய்வகத்திலிருந்து வெளிவந்த பின்னர்ச் செய்முறைப் பதிவேட்டை எழுதி முடிக்கும் நேரம் இக்கணக்கிலும் சேராது.

தமிழ்வழியில் பயின்று ஆங்கிலவழிப் பட்டப்படிப்பில் சேர்பவருக்கு மற்றுமொரு சுமை கூடுகிறது. முதலாண்டில் அவர் ஒவ்வொரு கருத்தையும் இருமுறை கற்கிறார்: ஒருமுறை பொருளை, ஒருமுறை மொழியை. இது குறைபாடன்று, கூடுதல் வேலை. வேலை என்று அறிந்துவிட்டால் அதற்கு நேரம் ஒதுக்கலாம். குறைபாடு என்று நினைத்துவிட்டால் மனம்தான் ஒடுங்கும்.

168 மணி நேரம்

இனி, எதிர்நிற்பதன் வலிமையை அளந்து பார்ப்போம். இங்கு எதிர்நிற்பது காலம். ஒரு கிழமைக்கு 168 மணி நேரம். அறந்தாங்கிக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து புதுக்கோட்டைக் கல்லூரிக்குப் பேருந்தில் வந்துசெல்லும் மாணவி ஒருவரைக் கருதுவோம். ஆறு நாள்களுக்கு வகுப்பு 30 மணி நேரம். இடைவேளைக்கும் காத்திருப்புக்கும் 6 மணி நேரம். போக வர நாளொன்றுக்கு மூன்று மணி வீதம் பயணம் 18 மணி நேரம். எட்டு மணி வீதம் உறக்கம் 56 மணி நேரம். உணவு, குளியல், வீட்டுவேலை ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு நான்கு மணி வீதம் 28 மணி நேரம். மொத்தம் 138. எஞ்சுவது 30 மணி நேரம் மட்டுமே.

வகுப்பில் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வீட்டில் ஒரு மணி நேரம் படித்தால், அந்த 30 மணி நேரமும் தீர்ந்துவிடும். விளையாட்டுக்கும் நட்புக்கும் நோய்வாய்ப்படும் நாளுக்கும் திருவிழாவுக்கும் ஒரு நிமிடமும் மிஞ்சாது. நடவுக்காலத்திலோ அறுவடைக்காலத்திலோ வீட்டார் ஒரு நாள் துணைக்கு அழைத்தால் கணக்கு குறைநிலைக்குச் சென்றுவிடும். இதே படிப்பை விடுதியில் தங்கிப் பயிலும் மாணவருக்குப் பயணத்தின் 18 மணி நேரமும் மிச்சம். இருவரும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். ஒரே வினாத்தாளை எழுதுகின்றனர். அவர்கள் சுமப்பது மட்டும் ஒன்றன்று.

எனவே, பிறர் தேர்ந்தெடுத்தார் என்பதற்காக ஒரு படிப்பைத் தேர்வது, பிறர் அளவுக்குத் தைத்த ஆடையை அணிவதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு மாணவரும் தம் 168 மணி நேரத்தை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். கல்லூரி அருகிலா தொலைவிலா, விடுதி கிடைக்குமா, ஆய்வகம் மாலையில் எந்நேரம் முடியும், அதன்பின் பேருந்து உண்டா என்பனவெல்லாம் பாடத்தேர்வோடு பின்னிப் பிணைந்த வினாக்களே.

எளியதும் இயல்வதும்

சுமையை எண்ணிப் பார்க்கச் சொல்வது சோம்பலுக்குத் துணைபோவது ஆகாதா என்று சிலர் வினவலாம். அரிய படிப்பை அஞ்சி விலக்கினால் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் என்றுமே உயர்கல்வியின் ஓரத்தில்தானே நிற்பர் என்றும் கேட்கலாம். இவ்வினாவில் நியாயம் உண்டு. முத்துலெட்சுமி தம் காலத்தின் எல்லைக்குள் அடங்கியிருந்தால் மருத்துவராகியிருக்க மாட்டார்.

ஆயினும், எளிய படிப்பைத் தேர்வது வேறு. இயலும் சுமையைத் தேர்வது வேறு. விருப்பமுள்ள அரிய படிப்பை, விருப்பமில்லாத எளிய படிப்பைவிட மனம் எளிதில் சுமக்கிறது. அரிய படிப்பைத் தேர்ந்தவர் அதற்கு ஈடாக வேறு சிலவற்றை இறக்கிவைக்க வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது. இன்றைய மாணவர் பட்டப்படிப்போடு போட்டித்தேர்வுப் பயிற்சி, கணினிப் பயிற்சி, தட்டச்சு எனப் பலவற்றையும் முதலாண்டிலேயே தோளில் ஏற்றிக்கொள்கின்றனர். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைப் பயிலவும் 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு இசைவு தந்துள்ளது. இசைவு இருப்பதாலேயே இயலும் என்பதில்லை. முதலாண்டில் பட்டப்படிப்பு ஒன்றையே பற்றிக்கொண்டு, கால் ஊன்றியபின் இரண்டாம் ஆண்டில் மற்றொன்றைச் சேர்ப்பதே அறிவுடைமை.

அறிவியலில் ஒரு கருத்து மற்றொன்றின் மேல் ஏறி நிற்கிறது. வகைநுண்கணிதம் விளங்காதவருக்கு இயக்கவியல் விளங்காது. இயக்கவியல் விளங்காதவருக்குக் குவாண்டம் கொள்கை வெறும் குறியீடுகளாகவே தோன்றும். முதற்பருவத்தில் நேரமின்றி விட்ட பாடம், அடுத்த பருவத்தில் நிலுவைத் தாளாகத் திரும்பி வருகிறது. நிலுவைத் தாள்கள் பெருகினால் மூன்றாண்டுப் படிப்பு நான்காகும், ஐந்தாகும். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரவேண்டியவருக்கு அவ்வாறு நீளும் ஓராண்டு, ஓராண்டு ஊதிய இழப்பு. சில வேளைகளில் தங்கையின் படிப்பும் அதனால் தடைபடும்.

படிப்புகளுக்குள் மேல், கீழ் என்று வகுக்கும் வழக்கமும் கைவிடத்தக்கது. ‘தாவரவியலா?’ என்று இகழ்ச்சியாய்க் கேட்போர், புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் உள்ள தேசிய பயறு ஆராய்ச்சி மையத்தை நினைவுகூர வேண்டும். அங்கு உருவான உளுந்து வகைகள் ‘வம்பன்’ என்னும் ஊர்ப்பெயரைத் தாங்கி உழவர்களின் வயல்களில் விளைகின்றன. பூவையும் மகரந்தத்தையும் பொறுமையோடு நோக்கிய அறிவியலின் பயன் அது.

துணையின் வலிமை

தேர்வு மாணவருடையது, ஆனால், அதைத் தனியே செய்ய வேண்டியதில்லை. விரும்பும் படிப்பின் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக இணையத்தளத்தில் காணலாம். முதற்பருவ நூல் ஒன்றை நூலகத்தில் எடுத்துப் பத்துப் பக்கங்கள் படித்துப் பார்க்கலாம். புரியவில்லை என்பதற்காக அஞ்ச வேண்டா. மேலும் படிக்கத் தோன்றுகிறதா என்பதே சோதனை. அதே படிப்பில் இரண்டாம் ஆண்டு பயிலும் அண்ணனையோ அக்காவையோ கண்டு, “இது நல்ல படிப்பா?” என்று கேட்பதைவிட, “உங்கள் ஒரு கிழமை எவ்வாறு கழிகிறது?” என்று கேட்பது பயன்தரும். இப்போது கையிலுள்ள தமிழ்வழி அறிவியல் பாடநூல்களைப் பாதுகாத்து வைத்தால், கல்லூரி முதலாண்டில் ஆங்கில நூலுக்கு அவையே விளக்கு.

உதவித் திட்டங்களும் துணையே. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை பயின்று உயர்கல்வி பெறும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது. மாலைநேர வேலைக்குச் செல்லும் கட்டாயத்தை இத்தொகை சிறிதேனும் குறைக்குமாயின், அது பணமாக வந்த நேரமாகும்.

கல்வி நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. தொலைவிலிருந்து வருவோரின் பேருந்து நேரத்தைக் கருதி ஆய்வக நேரத்தை வகுத்தலும், மொழி மாறி வருவோருக்கு முதற்பருவத்தில் இணைப்பு வகுப்பு நடத்துதலும் அவர்கள் செய்யக்கூடிய உதவிகள். ஒரு துறையில் ஒளிரும் மாணவர் மற்றொன்றில் தடுமாறும்போது, அவரை வெளியேறவிடாமல் தாங்கிப் பிடிப்பதே நல்ல கல்லூரியின் அடையாளம்.

பதினோராம் வகுப்பில் இருக்கும் உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. எப்படிப்பு உயர்ந்தது என்று ஊரைக் கேட்பதற்குமுன், எப்படிப்பை நாள்தோறும் மகிழ்ச்சியோடு செய்ய இயலும் என்று உங்களையே கேளுங்கள். அதற்கு வேண்டிய மணி நேரத்தை எழுதுங்கள். உங்களிடம் உள்ள மணி நேரத்தையும் அருகில் எழுதுங்கள். இரண்டுக்கும் இடைவெளி இருந்தால், எதை இறக்கிவைப்பது, யாரிடம் துணை கேட்பது என்று இப்போதே எண்ணுங்கள். சுமையை அறிந்து ஏற்றவர் நெடுந்தொலைவு நடப்பார்.