ஓட்டை சின்னதுதான், ஆனால்...



தங்கம் என்றதும் நமக்கு நகைக்கடைதான் ஞாபகம் வரும். சில சுரங்கங்களில் ஒரு டன் கல்லை உடைத்தால் ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. உடைத்த கல்லை மலையாகக் குவித்து, சொட்டுநீர் மாதிரி சயனைடு கரைசலை மேலே விடுகிறார்கள். அது தங்கத்தைக் கரைத்துக்கொண்டு அடியில் வந்து சேரும். அந்த விஷம் மண்ணுக்குள் இறங்காமல் தடுப்பது எது? 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதன் கீழே கெட்டித்த களிமண். நம்ம பண்ணைக்குட்டை ஷீட்டுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் பிழைக்கப் போன கோலார் தங்கவயலில் இந்த ஷீட் கிடையாது. அங்கே வேலை தொடங்கிய காலத்தில் அப்படி ஒரு பொருளே இல்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். சயனைடில் ஊறிய மண்ணோ 3 கோடி டன்னுக்கு மேல், வெறுந்தரையில் மேடு மேடாக நிற்கிறது. காற்றடித்தால் தூள் வீட்டுக்குள் வருகிறது.

சரி, ஷீட் போட்டால் போதுமா? அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து சம்மிட்வில் சுரங்கத்தில் போட்டார்கள். 1985-86 குளிர்காலத்தில், கொட்டும் பனியில், அவசர அவசரமாக! 1986-இல் கரைசலை விட்ட கொஞ்ச நாளிலேயே கசிவு. மேலே கல்மலை ஏறின பிறகு ஓட்டையை எங்கே போய்த் தேடுவது? 1992 டிசம்பரில் கம்பெனி கையை விரித்துவிட்டது. அலமோசா ஆற்றில் மீன் அற்றுப்போனது. சயனைடு மட்டுமல்ல, வெட்டிய மலையிலிருந்து வந்த அமில நீரும் செம்பும் சேர்ந்துதான் ஆற்றைக் கெடுத்தன. சுத்தம் செய்ய அரசாங்கத்துக்கு 15 கோடி டாலருக்கு மேல் செலவு.

"ஒரு சின்ன ஓட்டைதானே" என்பவர்களுக்கு நம்ம ஹைட்ராலிக்ஸ் பாடமே பதில் சொல்லும். ஆரிஃபிஸ் ஃபார்முலாவில் போட்டுப் பாருங்கள். 1 சதுர சென்டிமீட்டர் ஓட்டை, மேலே 30 சென்டிமீட்டர் தண்ணீர், கோ-எஃபிஷியன்ட் 0.6. ஒரு நாளைக்குச் சுமார் 12,500 லிட்டர், ஒரு டேங்கர் லாரி! அடியில் நல்ல களிமண் ஷீட்டோடு ஒட்டி இருந்தால் இது வெகுவாகக் குறையும். அதனால்தான் இரண்டும் வேண்டும்.

ஆக, எல்லாம் விரிக்கும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. தரையில் கூரான கல் இருக்கக்கூடாது. நம்ம ஊர் மாதிரி வெயிலில் 100 மீட்டர் ஷீட் காலைக்கும் மத்தியானத்துக்கும் அரை மீட்டர் வரைகூட நீளும், சுருக்கம் விழும். ஒட்டுகளை வெல்டிங் செய்ததும் இரட்டை ஒட்டுக்கு நடுவே காற்றடித்து, பிரஷர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். துண்டு வெட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும், மேலே ஜல்லி பரப்பும் புல்டோசர் கிழித்துவிடலாம். அதனால் மூடிய பிறகும் மின்சாரம் செலுத்தி ஓட்டை தேடும் சோதனை வேண்டும்.

இதையெல்லாம் யார் பார்ப்பது? என் கருத்து இதுதான்: விரிக்கிற கான்ட்ராக்டரிடம் சம்பளம் வாங்குகிறவர் சோதிக்கக் கூடாது. சதுர மீட்டர் கணக்கில் பணம் வாங்குகிறவருக்கு நாள் கடந்தால் நஷ்டம். "மழை வருது தம்பி, மூடிடலாம்" என்றுதான் சொல்வார். சோதிக்கிறவருக்கு வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும்.

"தங்கச் சுரங்கம் எடப்பாடியில் ஏது?" என்று கேட்கிறீர்களா? குப்பைக் கிடங்குக்கும் சாயக்கழிவுக் குளத்துக்கும் இதே ஷீட்தான். பூலாம்பட்டியில் ஓடும் காவிரியும் நம் கிணறுகளும் அதை நம்பித்தான் இருக்கப் போகின்றன. பாவில் ஒரு இழை அறுந்தால் எங்க ஊர்த் தறிக்காரர் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் ஓட்டுவார். கூலி குறையும் என்று தெரிந்தும் நிறுத்துவார்.

நண்பர்களே, நாளைக்கு அந்த சைட்டில் சூப்பர்வைசராக நிற்கப் போவது நாம்தான். கைநாட்டு வைத்த குடும்பத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. உங்களில் பல பேருக்கும் அப்படித்தான். வேலை போய்விடுமோ என்ற பயம் நமக்கு அதிகம், நியாயம்தான். ஆனாலும் கண்ணால் பார்க்காத ஒட்டுக்கு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடமாட்டோம் என்று ஒரு ஆள் சொன்னால் அவனை அனுப்பிவிடலாம். எல்லோரும் சொன்னால்?

சிந்திப்போம்!