'கார்கி' கிளைமாக்ஸ் ட்விஸ்ட் இல்லை, டாக்டரா சொல்றேன்

1/ 'கார்கி' படத்தைப் பத்தி ஒரு நீளமான திரெட். படம் 2022 ஜூலையில வந்தது, அதனால கிளைமாக்ஸையும் சேர்த்தேதான் பேசப் போறேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிங்க. பார்த்துட்டு "கடைசி ட்விஸ்ட் செம"ன்னு சொன்னவங்க கண்டிப்பா படிங்க. உங்ககூடதான் சண்டை.

2/ மறந்தவங்களுக்கு கதை. கார்கி (சாய் பல்லவி) ஸ்கூல் டீச்சர். அப்பா பிரம்மானந்தம் (ஆர்.எஸ்.சிவாஜி) ஒரு அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேன். அங்க ஒரு சின்னப் பொண்ணை நாலு பேர் வன்கொடுமை செஞ்ச வழக்குல அஞ்சாவது ஆளா அவரையும் பிடிக்கிறாங்க. அப்பா நிரபராதின்னு மகள் ஒத்தையில போராடுறா. நாமும் அவ பக்கமே நிக்கிறோம். கடைசியில, அப்பாவும் செஞ்சிருக்கார்.

3/ "யாருமே எதிர்பார்க்கல." சரி, ஏன் எதிர்பார்க்கல? போக்சோ வழக்குகள்ல பத்துக்கு ஒன்பதுக்கும் மேல, செஞ்சவர் குழந்தைக்குத் தெரிஞ்சவர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் வெளியிடுற கணக்கு இது. "அதுல டீன் ஏஜ் காதல் கேஸும் வருதே டாக்டர்"னு கேப்பீங்க. வருது. அதனால இன்னொரு கணக்கும் தர்றேன்.

4/ 2007ல மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு. 13 மாநிலம், 12,447 குழந்தைகள். ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதா சொன்னவங்க 53 சதவீதம். அத்துமீறினவங்கள்ல பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிஞ்சவங்க, இல்லேன்னா நம்பிக்கைக்குரிய இடத்துல இருந்தவங்க. பெரும்பாலான குழந்தைகள் அதை யார்கிட்டயுமே சொல்லல. அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க.

5/ கணக்கு வேண்டாம்னா நம்ம மாவட்டத்துக்கே வாங்க. திண்டிவனம் பக்கம் ரெண்டு சின்னப் பொண்ணுங்க, அக்கா தங்கச்சி. 2019ல வழக்காச்சு. 2024ல விழுப்புரம் போக்சோ கோர்ட் 15 பேருக்கு தலா 20 வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தது. அந்த 15 பேர்ல சொந்தக்காரங்களும் உண்டு.

6/ அந்தக் குழந்தைகளை அடையாளம் காட்டுற எதையும் இங்க எழுத மாட்டேன். தெரிஞ்சவங்க கமெண்ட்லயும் எழுதாதீங்க. போக்சோ சட்டம் 23வது பிரிவுப்படி அது குற்றம். ஊர் பேர், ஸ்கூல் பேர், தெரு பேர் எதுவும் வேண்டாம்.

7/ நான் கேக்குறது இவ்வளவுதான். 15 பேர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் வெளியே வராம இருக்கணும்னா, அந்தக் குழந்தைகளைச் சுத்தி எவ்வளவு பெரிய மௌனம் இருந்திருக்கணும்? விழுப்புரம் பேப்பர்ல இது செய்தி. அதுவே சென்னை மல்டிபிளெக்ஸ்ல உங்களுக்கு ட்விஸ்ட்.

8/ இப்படி ஒரு செய்தி வந்தா முதல்ல வர்ற கமெண்ட் எனக்குத் தெரியும். "அம்மா என்ன பண்ணிட்டு இருந்தா?" வேலைக்குப் போயிருப்பாங்க சார். இந்தப் பக்கம் சென்னைக்கும் பாண்டிக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போற குடும்பங்கள் ஏராளம். பிள்ளையைப் பாட்டி வீட்டுலயோ சித்தி வீட்டுலயோ விட்டுட்டுப் போறது குத்தமா? சொந்தத்தை நம்பினவங்களைத் திட்டுற வாய், நம்பிக்கையைக் கெடுத்தவனைப் பத்தி ஏன் பேச மாட்டேங்குது?

9/ அடுத்த குறை: "படம் ரொம்ப டார்க், குடும்பத்தோட பார்க்க முடியல." அந்தப் படத்துல வன்கொடுமைக் காட்சியைக் காசாக்கவே இல்லை. அதைவிட நூறு மடங்கு ஆபாசமான பாட்டை டிவியில குடும்பத்தோடதான் பார்க்கிறோம். உங்களைச் சங்கடப்படுத்துறது ஆபாசம் இல்லை. பக்கத்து சோபாவுல உக்காந்திருக்கிற சொந்தக்காரர் முன்னாடி இந்தப் பேச்சு வந்துடுமோங்கிற பயம்.

10/ நமக்குப் பிடிச்ச மாதிரி இந்த சப்ஜெக்ட்டை எப்படி எடுக்கணும் தெரியுமா? வில்லன் வெளியாள். தாடி, போதை, செவந்த கண்ணு. கடைசியில ஹீரோ சுட்டுடணும், நாம விசில் அடிக்கணும். அதே காரியத்தைச் சொந்தச் சித்தப்பா செஞ்சா? "வெளியே தெரிஞ்சா பொண்ணு வாழ்க்கை போயிடும், உக்காந்து பேசி முடிச்சிடலாம்." வெளியாளுக்கு என்கவுண்டர், சொந்தக்காரனுக்குப் பஞ்சாயத்து. இதுதான் நம்ம நியாயம்.

11/ "குடும்ப மானம்"னு சொல்றீங்களே, அது குழந்தைக்குப் போடுற பூட்டு. சாவி செஞ்சவன் கையில. குழந்தைகிட்ட அவன் முதல்ல சொல்றதே "இது நமக்குள்ள ரகசியம், அம்மாகிட்ட சொல்லாதே"தான். அப்புறம் வீட்டுப் பெரியவங்களும் குழந்தைகிட்ட அதையேதான் சொல்றீங்க: "வெளியே யார்கிட்டயும் சொல்லாதே." செஞ்சவனும் காப்பாத்த வேண்டியவங்களும் ஒரே வார்த்தையைச் சொன்னா குழந்தை யாரை நம்பும்?

12/ நியாயமான எதிர்க்கேள்வி ஒண்ணு இருக்கு. "அப்போ எல்லா அப்பாவையும் மாமாவையும் சந்தேகப்படணுமா? 'சித்தா'வுல (2023) ஒரு நல்ல சித்தப்பா மேலயே பழி வருதே?" வருது. கார்கி வீட்டையும் மீடியாவும் அக்கம்பக்கமும் என்ன பாடு படுத்துதுன்னு அந்தப் படமே காட்டுது. தீர்ப்புக்கு முன்னாடி ஒருத்தர் குடும்பத்தைத் தெருவுல நிறுத்துறது அநியாயம்தான்.

13/ ஆனா அதுக்குப் பதில் மூடி மறைக்கிறது இல்லை. யார் செஞ்சதுன்னு கண்டுபிடிக்கிறது நம்ம வேலை இல்லை. என் வேலையும் இல்லை, அது போலீஸ், கோர்ட் வேலை. தகவல் சொல்றது மட்டும்தான் நம்ம வேலை. வாட்ஸ்அப்ல பேரைப் பரப்புறவரும் தப்பு பண்றார், வாயை மூடிக்கிறவரும் தப்பு பண்றார்.

14/ தகவல் சொல்றது பெருந்தன்மை இல்லை, சட்டம். போக்சோ 19வது பிரிவு: குழந்தைக்கு எதிரா குற்றம் நடந்ததுன்னு தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீசுக்குச் சொல்லணும். 21வது பிரிவு: சொல்லலேன்னா 6 மாசம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது ரெண்டும். நல்ல நோக்கத்தோட சொன்னவர் மேல வழக்குப் போட முடியாது. டாக்டர், டீச்சர், பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாருக்கும் இது பொருந்தும்.

15/ இப்போ என் துறை. எங்க ஓபிக்கு யாரும் "என்னை ஒருத்தர் இப்படிப் பண்ணிட்டார்"னு வர மாட்டாங்க. "அடிக்கடி வயித்து வலி சார்." "யூரின் போனா எரியுதாம்." "எட்டு வயசாச்சு, திடீர்னு மறுபடி படுக்கையில ஒண்ணுக்குப் போறா." "அந்த வீட்டுக்கு மட்டும் போக மாட்டேன்னு அழுறான்." ஆமா, பையனும்தான். போக்சோவுல ஆண், பெண் வித்தியாசம் கிடையாது.

16/ வயித்து வலின்னாலே இதுதான்னு பயப்படாதீங்க. பூச்சி, மலச்சிக்கல், நீர்க்கடுப்புன்னு ஆயிரம் காரணம் இருக்கு. ஆனா பழக்கவழக்கம் திடீர்னு மாறி, ஒரு குறிப்பிட்ட ஆள்கிட்டயோ இடத்துலயோ மட்டும் பயம் வந்தா, மிரட்டாம, தனியா, பொறுமையா கேளுங்க. சொன்னா நம்புங்க. "நீ என்ன பண்ணே?"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க.

17/ "டாக்டரம்மா செக் பண்ணாங்க, காயமே இல்லை, அப்போ ஒண்ணும் நடக்கல." தப்பு. நிறைய குழந்தைகள்ல உடம்புல எந்த அடையாளமும் இருக்காது. கன்னித்திரையைப் பார்த்து நடந்ததா இல்லையான்னு சொல்லவே முடியாது. இரு விரல் பரிசோதனை செய்றது முறைகேடுன்னு சுப்ரீம் கோர்ட் 2022 அக்டோபர்ல மறுபடியும் அழுத்திச் சொல்லிடுச்சு. உங்க ஊர்ல யாராவது இன்னும் அதைச் செஞ்சா கேள்வி கேளுங்க.

18/ நடந்தது தெரிஞ்சா நேரத்தைக் கடத்தாதீங்க. குளிப்பாட்ட வேண்டாம். போட்டிருந்த துணியைத் துவைக்காம பேப்பர் கவர்ல வைங்க, பிளாஸ்டிக் வேண்டாம். எச்.ஐ.வி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். உடம்புல இருக்கிற தடயத்தை 96 மணி நேரம் வரை எடுக்கலாம். "ஞாயித்துக்கிழமை பெரியவங்க கூடிப் பேசட்டும்"னு தள்ளிப்போட்டா ரெண்டும் போச்சு. நாள் கடந்துட்டாலும் வாங்க. சிகிச்சையும் கவுன்சலிங்கும் அப்பவும் தேவை.

19/ எஃப்.ஐ.ஆர் போடலேன்னாலும் பரிசோதனை செய்யலாம் (27வது பிரிவு). பெண் குழந்தைன்னா பெண் டாக்டர்தான் பார்க்கணும், குழந்தை நம்புற ஒருத்தர் கூட இருக்கணும். அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியும் முதலுதவிக்கும் சிகிச்சைக்கும் காசு வாங்கக் கூடாது, திருப்பி அனுப்பவும் கூடாது. வாக்குமூலம் எடுக்குற போலீஸ் யூனிஃபார்ம்ல வரக் கூடாது. குழந்தையை ராத்திரி ஸ்டேஷன்ல வைக்கவே கூடாது. "ஸ்டேஷனுக்கு அலையணுமே"ங்கிற பயத்துக்குத்தான் சட்டத்துல இவ்வளவு எழுதி வெச்சிருக்கு.

20/ வீட்டுல என்ன பேசலாம்? "தெரியாத அங்கிள் சாக்லேட் கொடுத்தா வாங்காதே"ங்கிற பாடத்தோட நிறுத்தாதீங்க. ஆபத்து பெரும்பாலும் தெரிஞ்ச அங்கிள்கிட்ட. அதனால: "உன் உடம்பை நீ விரும்பாத மாதிரி யார் தொட்டாலும், தாத்தாவா இருந்தாலும், வாத்தியாரா இருந்தாலும், என்கிட்ட சொல்லலாம். ரகசியம்னு யாராவது சொன்னா அதை முதல்ல சொல்லு. நான் உன்னைத் திட்ட மாட்டேன்."

21/ இன்னொண்ணு. "மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு"ன்னு பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீங்க. வணக்கம் சொன்னாலே மரியாதைதான். "வேண்டாம்"னு சொன்னா வீடு மதிக்கும்னு குழந்தைக்குச் சின்ன விஷயத்துலதான் தெரியணும். அங்க மதிக்காத வீட்டுல பெரிய விஷயத்துக்கு வாய் வராது.

22/ 'கார்கி'யில எனக்குப் பெரிசா தெரிஞ்சது அப்பா குற்றவாளின்னு தெரியுற காட்சி இல்லை. தெரிஞ்ச பிறகு மகள் எடுக்குற முடிவு. அவ்வளவு பாசம், அவ்வளவு போராட்டம், அத்தனைக்கும் மேல அந்தக் குழந்தை பக்கம் நிக்கிறா. நாம பாராட்ட வேண்டியது அதை. பாராட்டினா மட்டும் போதாது, நம்ம வீட்டுல நடந்தா செய்யவும் வேண்டியிருக்கும்.

23/ அதனால இனிமே யாராவது "ட்விஸ்ட்"னு சொன்னா இந்த திரெட்டை அனுப்புங்க. அதுக்கு முன்னாடி ஒரு வேலை: 1098, குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் இலவசம். போன்ல சேவ் பண்ணுங்க. உங்க பிள்ளைக்கும் மனப்பாடம் பண்ணி வைங்க. முடிச்சுக்கிறேன்.